எங்கள் டோஸ் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

மருத்துவமனை நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

கடந்த செவ்வாய்க்கிழமை பகல்நேர கீமோ பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. நான்கே வரிகள். கீமோ மருந்து கலக்கும் கேபினெட்டின் (மருந்துத் துளிகள் கலப்பவர்மேல் படாமல் காற்றை இழுத்து வடிகட்டும் பெட்டியின்) ஃபில்டரை மாற்றும் பணி அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. அதுவரை செவிலியர்கள் 'உரிய முன்னெச்சரிக்கையுடன்' வார்டின் சிகிச்சை அறையிலேயே மருந்துகளைக் கலந்துகொள்ள வேண்டும். தேவைப்பட்டால் கீழ்த்தளத்தில் சும்மா கிடக்கும் பழைய லேமினார் ஃப்ளோ மேசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அந்த மேசையில் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று இதை எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார் என்றுதான் நம்ப விரும்புகிறேன். நர்சிங் சூப்பிரண்டு வழியாக ஏற்கெனவே மூன்று கடிதங்கள் கொடுத்துவிட்டோம். மூன்றுக்கும் சேர்த்து வந்த பதில்தான் இந்தச் சுற்றறிக்கை. நான்காவது கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் 19 ஆண்டுகளாகக் கீமோ மருந்து கலப்பவள். அதில் முதல் 11 ஆண்டுகள் நம் மருத்துவமனையில் கேபினெட் கிடையாது. ஜன்னலோரம் ஒரு ஸ்டீல் மேசை, தலைக்கு மேல் மின்விசிறி, கையில் பரிசோதனைக்குப் போடும் சாதாரணக் கையுறை. ஒரு நாளைக்கு 15 குப்பி, ஆண்டுக்கு 250 நாள் என்று குறைத்துப் போட்டாலும் 40,000 குப்பிகளுக்கு மேல் திறந்த மேசையில் கலந்திருக்கிறேன். அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்கிறீர்கள்.

மருந்து கலப்பது என்றால் என்னவென்று குழுவில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு வெள்ளைத் தூளாக வரும். 500 மில்லிகிராம் குப்பிக்குள் 25 மில்லி திரவத்தைச் செலுத்த வேண்டும். உள்ளே போகும் திரவம் குப்பியிலிருக்கும் காற்றை நெருக்கும். தூள் சட்டென்று கரையாது. குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்போம். பிறகு ரப்பர் மூடியில் குத்திய ஊசியை வெளியே இழுக்கும் அந்த நொடியில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். காதைக் கொடுத்தால்தான் கேட்கும். குப்பிக்குள் அடைபட்ட காற்று மருந்துத் துளிகளோடு வெளியேறும் சத்தம் அது. துளிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். முகத்துக்கும் குப்பிக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாததால் பல ஆண்டுகள் நானும் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்குப் புத்தி சொன்னது டாக்ஸோரூபிசின். நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லி மிரள்வார்களே, அதுதான். ரூஹ் அஃப்சா சர்பத் நிறம். ஒரு நாள் மதியம் சாப்பிடப் போகும்போது வார்டு ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் இளஞ்சிவப்பாக ஒரு தீற்றலைப் பார்த்தேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், பஞ்சு சிவந்தது. சந்தேகம் வந்து தேட ஆரம்பித்தேன். தொலைபேசியின் அடிப்பக்கத்தில் ஒரு புள்ளி, கேஸ் ஷீட் எழுதும் பேனாவின் மூடியில் ஒன்று, என் கைக்கடிகாரத்தின் வாரில் ஒன்று. அந்த ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் எங்கள் தயிர்க் கிண்ணங்கள் இருந்தன. மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜில் தயிர் வைத்தது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன், அன்றோடு நிறுத்தினோம். சிவப்பு மருந்து நிறத்தால் மாட்டிக்கொண்டது. சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சிஸ்பிளாட்டினும் கரைந்தபின் தண்ணீர் மாதிரி இருக்கும். அவை எங்கெல்லாம் சிந்தியிருந்தன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இவை உடம்புக்குள் என்ன செய்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பார்க்கும் உறுப்பினர்களுக்கு இது பாராசிட்டமால்போல இன்னொரு மருந்தாகத் தோன்றக்கூடும்.

செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்ட பின்னல். செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அந்தப் பின்னலை அவிழ்த்து, ஒவ்வோர் இழைக்கும் ஒரு நகல் எடுக்க வேண்டும். இழைகளில் வரிசையாக இருக்கும் நான்கு எழுத்துகளில் ஒன்று குவானின். சைக்ளோஃபாஸ்ஃபமைடு கல்லீரலுக்குப் போய் உருமாறி, இரண்டு கைகள் உள்ள பொருளாக வெளிவருகிறது. ஒரு கை இந்த இழையில் உள்ள குவானினையும் மறு கை எதிர் இழையில் உள்ள குவானினையும் பற்றிக்கொள்கின்றன. பெண் குழந்தைக்குத் தலைவாரிவிட்டவர்களுக்கு இது புரியும். சடையின் நடுவே கோந்து ஒட்டிக் காய்ந்துவிட்டால் சீப்பு அந்த இடத்தில் நின்றுவிடும். பிரிக்க முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். சிஸ்பிளாட்டினில் இருக்கும் பிளாட்டினம் பெரும்பாலும் ஒரே இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குவானின்களைப் பிடித்துக்கொண்டு இழையையே வளைத்துவிடுகிறது. சிவப்பு மருந்து வேறு ரகம். ஏணிப்படிகளுக்கு நடுவே செருகிய அட்டைபோல உள்ளே நுழைந்து, முறுக்கை அவிழ்க்கும் நொதியைச் செயலிழக்க வைக்கிறது.

செல் சும்மா இருக்காது. ஒட்டிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக எழுதி நிரப்பப் பார்க்கும். சேதம் மிக அதிகமென்றால் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். புற்றுச் செல்கள் ஓயாமல் பிரிபவை என்பதால் அவை முதலில் மாட்டுகின்றன, மருந்து வேலை செய்கிறது. முடிவேர், வாயின் உட்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் வேகமாகப் பிரிபவை. நோயாளிக்கு முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் வெள்ளணுக்கள் விழுவதும் அதனால்தான்.

என் கவலை சாகிற செல்லைப் பற்றியதல்ல. நோயாளிக்குப் போகும் அளவில் செல் சாகும். எங்களுக்கு மூச்சிலும் தோலிலும் போகும் துளி அளவில் செல் சாகாது. அவசரமாகத் திருத்தி எழுதியதில் ஓர் எழுத்துப் பிழையை வைத்துக்கொண்டு பிழைத்துவிடும். அந்தப் பிழையோடு பெருகும். பிழை எந்த இடத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து ஒன்றும் ஆகாமலும் போகலாம், பல ஆண்டுகள் கழித்து ரத்தப் புற்றாகவும் வரலாம். சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மெல்ஃபலான், குளோராம்புசில், புசல்ஃபான் ஆகியவற்றை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. அதே பிரிவில்தான் புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கின்றன. ஒரு புற்றைக் குணப்படுத்த இவற்றைப் பெற்ற நோயாளிகளில் சிலருக்கு, பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகள் கழித்து, வேறு ஒரு ரத்தப் புற்று வந்ததைப் பார்த்துத்தான் இது உறுதியானது. நோயாளி அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறார், ஏற்காவிட்டால் இப்போது இருக்கும் நோய் அவரைக் கொன்றுவிடும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம். எங்களிடம் யார் கையெழுத்து வாங்கினார்கள்?

இந்த மருந்துக் குடும்பத்தின் மூதாதை ஒரு போர் விஷவாயு. 1917-ல் முதல் உலகப் போரில் ஈப்ர் களத்தில் வீசிய கடுகு வாயு. 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மனும் ஆல்ஃபிரட் கில்மனும் அதன் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை நிணநீர்ப் புற்று நோயாளி ஒருவருக்கு ஊசியில் ஏற்றினார்கள், கீமோ சிகிச்சை அங்கே தொடங்கியது. ஆனால் எனக்கு எப்போதும் மனத்தில் நிற்பது 1943 டிசம்பர் 2, இத்தாலியின் பாரி துறைமுகம். ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியதில் மூழ்கிய கப்பல்களில் ஒன்றான ஜான் ஹார்வியில் கடுகு வாயுக் குண்டுகள் ரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. எண்ணெய் மிதந்த கடலிலிருந்து மீட்ட மாலுமிகளை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். எண்ணெயில் விஷம் கரைந்திருப்பதாக மருத்துவமனைக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே இருந்தவர்கள் நனைந்த துணியோடே அந்த மாலுமிகளைக் கம்பளியில் சுற்றிக் கதகதப்பாக வைத்தார்கள், விஷம் இன்னும் நன்றாக ஊறியது. 600-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஸ்டூவர்ட் அலெக்ஸாண்டர் என்ற ராணுவ மருத்துவர் வந்து பார்த்து, வெள்ளணுக்கள் சரிந்திருப்பதைக் கவனித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. கம்பளி போர்த்தியவர்கள் செய்தது அன்பான காரியம். அவர்கள் கையில் இருப்பது என்னவென்று தெரிந்திருந்த மேலிடம் வாயைத் திறக்கவில்லை.

80 ஆண்டுகள் கடந்துவிட்டன. இப்போது 'தெரியாது' என்று யாரும் சொல்ல முடியாது. 1979-ல் ஃபின்லாந்தில் கீமோ மருந்து கையாண்ட நர்ஸ்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். பாக்டீரியாவில் மரபணு மாற்றத்தைத் தூண்டும் தன்மை அதில் கூடியிருந்தது. 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது. 1982-ல் அமெரிக்காவில் மருந்தாளுநர்களைச் சோதித்தார்கள். கவனமாகப் படியுங்கள், உங்கள் சுற்றறிக்கைக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. கிடைமட்டமாகக் காற்று வீசும் லேமினார் ஃப்ளோ மேசையில் கலந்தவர்களின் சிறுநீரில் அந்தத் தன்மை இருந்தது. கீழ்நோக்கிக் காற்றை இழுத்து வடிகட்டும் பாதுகாப்புக் கேபினெட்டுக்கு மாறியதும் அது காணாமல் போனது.

காரணம் எளிது. லேமினார் ஃப்ளோ மேசை மருந்தில் கிருமி விழாமல் காப்பதற்காகச் செய்யப்பட்டது. சுத்தமான காற்றைப் பின்சுவரிலிருந்து முன்பக்கம் வீசும். முன்பக்கம் இருப்பது யார்? கலக்கும் நர்ஸ். அந்த 'ஸ்ஸ்' சத்தத்தோடு வரும் துளிகளை ஒரு மின்விசிறி பிடித்து நேராக அவள் முகத்தில் அடிப்பதற்குச் சமம். குளுக்கோஸ் பாட்டில் தயாரிக்க அது நல்ல மேசை. கீமோ கலக்க அதைவிட ஜன்னலோரம் தேவலை. நிர்வாகம் பெருந்தன்மையோடு அனுமதித்திருக்கும் ஒரே வசதி, இருப்பதிலேயே மோசமான வழி.

'முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்' என்று கூட்டத்தில் சொன்னீர்கள். மூன்றடுக்கு அறுவைசிகிச்சை முகக்கவசம் என் எச்சில் நோயாளிமேல் தெறிக்காமல் தடுக்கும். கன்னத்தோரம் திறந்திருக்கும் அது நுண்துளிகளை நிறுத்தாது. கையுறை விஷயமும் அப்படித்தான். கீமோவுக்கென்று சோதித்த கையுறையை இரண்டு அடுக்காகப் போட்டு அரை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது வழிகாட்டுதல். எங்கள் வார்டில் 100 கையுறைகள் உள்ள ஒரு பெட்டி ஒரு வாரத்துக்கு. அதுவும் சிஸ்டர் அலமாரியில் பூட்டியிருக்கும், சாவி கேட்டு வாங்க வேண்டும்.

ஃபில்டர் விலை அதிகம் என்று சொல்லப்பட்டது. உண்மைதான், மலிவு அல்ல. வரவேற்பறை மீன் தொட்டியின் ஃபில்டரை மட்டும் மாதந்தோறும் ஒருவர் வந்து மாற்றிவிட்டுப் போகிறார், அதற்கு ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது. மீன்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நோயாளிகளின் குழந்தைகள் அதன் முன்னால் உட்கார்ந்துதான் சிரிக்கிறார்கள். தண்ணீர் கலங்கினால் மீன் செத்து மிதக்கும், எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் அந்த ஒப்பந்தம் தவறாமல் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிரிவுக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வேலை செய்யும் ஒவ்வொருவர் சட்டையிலும் டி.எல்.டி. பேட்ஜ் தொங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி, எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளந்து, பெயர்வாரியாகப் பதிவு செய்கிறார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கணக்குப்படி ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது, எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒரு பெண் கர்ப்பமென்று தெரிவித்துவிட்டால் வயிற்றுக் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாமல் பார்க்க வேண்டும். இத்தனை ஏற்பாடும் எதற்காக? கதிர்வீச்சு டி.என்.ஏ.வை உடைக்கும் என்பதற்காக.

சுவருக்கு இந்தப் பக்கம் நாங்களும் அதே டி.என்.ஏ.வை ஒட்டவைத்து உடைக்கும் பொருளைத்தான் கையாள்கிறோம். எங்களுக்குப் பேட்ஜ் இல்லை, பதிவேடு இல்லை, எல்லையும் இல்லை. இவ்வளவு வரை பட்டால் பரவாயில்லை என்று இந்த மருந்துகளுக்குப் பொதுவான ஒரு பாதுகாப்பு அளவு உலகில் வகுக்கப்படவும் இல்லை. எல்லை தெரியாத பொருளிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்பதுதானே நியாயம்? நம் மருத்துவமனையில் அதுவே அலட்சியத்துக்குக் காரணமாகிவிட்டது.

நோயாளியின் டோஸை நாம் எப்படிக் கணக்கிடுகிறோம் என்று பாருங்கள். உயரம், எடை எடுத்து உடலின் பரப்பளவைச் சதுர மீட்டரில் கணிக்கிறோம். மார்பகப் புற்றுக்கு வழக்கமான முறையில் ஒரு சதுர மீட்டருக்கு டாக்ஸோரூபிசின் 60 மில்லிகிராம், சைக்ளோஃபாஸ்ஃபமைடு 600 மில்லிகிராம். ஒன்றரைச் சதுர மீட்டர் உள்ள ஒரு பெண்ணுக்கு 90-உம் 900-உம். மருத்துவர் எழுதி, மருந்தாளுநர் சரிபார்த்து, இரண்டு நர்ஸ்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டபின்தான் டிரிப் ஏறும். 21 நாள் கழித்து அடுத்த சுற்று. வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் அதுவும் தள்ளிப் போகும். நான்கு பேர் கண்கள் பட்டு மில்லிகிராம் சுத்தமாக ஓர் உடம்புக்குள் போகும் அதே மருந்து, அதே அறையில், அளவின்றி, பதிவின்றி, பலனுமின்றி இன்னோர் உடம்புக்குள்ளும் போகிறது. அந்த டோஸ் எந்தத் தாளில் இருக்கிறது?

'இத்தனை ஆண்டுகளாகக் கலக்கிறீர்கள், யாருக்கு என்ன ஆகிவிட்டது?' என்று கடந்த கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். நேர்மையான கேள்விதான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் யார் எண்ணினார்கள்? என்னோடு சேர்ந்த ஏழு பேரில் இங்கே மிஞ்சியிருப்பது நான் ஒருத்தி. கல்யாணமாகிப் போனவர்கள், வளைகுடா போனவர்கள், பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு மாறியவர்கள். பத்தாண்டு கழித்து அவர்களில் ஒருவருக்கு ரத்தத்தில் ஏதாவது வந்தால் அங்கிருக்கும் மருத்துவர் 'முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று கேட்பார் என்பது நிச்சயமில்லை. கேட்டாலும் காட்ட ஒரு காகிதம் கிடையாது. எண்ணாமல் விட்டதை ஒன்றும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்கிறீர்கள்.

என் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் ஒன்று, நான்காம் ஆண்டில் ஒன்று என இரண்டு கர்ப்பங்கள் மூன்று மாதத்துக்குள் கலைந்தன. இரண்டு முறையும் கர்ப்பம் என்று தெரிவதற்கு முந்தைய நாள்வரை கலந்துகொண்டிருந்தேன். முதல் முறை, தெரிந்தபிறகும் ஆள் இல்லை என்பதால் இரண்டு வாரம் கலந்தேன். மருந்துதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகக் கலைவது இயற்கை என்பதை நர்சிங் படித்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் 1985-ல் ஃபின்லாந்தில் 17 மருத்துவமனைகளின் நர்ஸ்களை வைத்துச் செய்த ஆய்வையும் படித்திருக்கிறேன். முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்துகளைக் கையாண்டவர்களிடம் கரு கலையும் வாய்ப்பு 2.3 மடங்கு என்று அது சொல்கிறது. 2012-ல் அமெரிக்க நர்ஸ்களிடம் செய்த ஆய்விலும் ஏறக்குறைய இரு மடங்கு. என்னுடையது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியாது. அல்ல என்று சொல்வதற்கு உங்களிடமும் ஒரு பதிவு கிடையாது. மூன்றாவது கர்ப்பத்தில் பிறந்த என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளைச் சுமந்த காலத்தில் அப்போதைய சிஸ்டர், யாரையும் கேட்காமல், என்னைப் பிரசவ வார்டுக்கு மாற்றிவிட்டார். விதி எதுவும் இல்லாததால் அவருடைய நல்ல மனம்தான் விதியாக இருந்தது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இந்த மாதம் எங்கள் வார்டில் கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு பெண் இருக்கிறாள். சுற்றறிக்கையைப் படித்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டூட்டி அட்டவணையில் தன் பெயர் எந்தக் கிழமைகளில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தாள்.

எங்களுக்கும் கீழே இருப்பவர்களை நாங்களே மறந்துவிடுகிறோம். மருந்து ஏறியபின் குறைந்தது 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் கூறுகள் வெளியேறிக்கொண்டிருக்கும். அந்த பெட்பேனை எடுப்பது ஆயா அக்கா. அந்தப் படுக்கை விரிப்பைச் சுருட்டி இடுப்பில் அணைத்துக்கொண்டு போவதும் அவர்தான். ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்பதால் எங்கள் பயிற்சி வகுப்புக்கு அவரை அழைப்பதில்லை. ஒரு நாள் காலிக் குப்பிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்டால், பேரனுக்குப் பெயின்ட் கலக்கக் கொடுக்கலாம் என்று. அவரிடமிருந்து பிடுங்கி மஞ்சள் பையில் போட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது, திருட்டைக் கண்டுபிடித்ததுபோல நான் நடந்துகொண்டேன். சைட்டோடாக்ஸிக் கழிவை, அதாவது செல்லைக் கொல்லும் இந்த மருந்துகளின் கழிவை, தனியாக அடையாளமிட்டு 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. அந்த விதியின் ஒரு வரியை அவருக்கு யாராவது தமிழில் சொல்லியிருக்கிறோமா? நானும் சொல்லவில்லை.

இனி நாங்கள் கேட்பவை.

சுற்றறிக்கையை உடனே திரும்பப் பெறுங்கள். லேமினார் ஃப்ளோ மேசையில் கீமோ மருந்து கலக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். ஃபில்டரை இந்த நிதியாண்டிலேயே மாற்றி, கேபினெட்டை ஆண்டுதோறும் சோதித்துச் சான்றளிக்கும் ஒப்பந்தம் செய்யுங்கள். மீன் தொட்டிக்கு இருப்பதைப்போல.

அதுவரை சிகிச்சை நிற்கக் கூடாது. ஒரு நோயாளிக்கும் ஒரு சுற்றும் தள்ளிப்போகக் கூடாது என்பதில் உங்களைவிட நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம், அவர்கள் கையைப் பிடித்து ஊசி ஏற்றுபவர்கள் நாங்கள். நகரில் வேலை செய்யும் கேபினெட் உள்ள மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே கலந்து, மூடிய பெட்டியில் கொண்டுவர ஒரு தற்காலிக ஏற்பாட்டை நிர்வாகம் பேசி முடிக்க வேண்டும். இரண்டு நர்ஸ்கள் தினமும் காலையில் போய்வரத் தயாராக இருக்கிறோம், வண்டி மட்டும் கொடுங்கள்.

குப்பியிலிருந்து காற்று வெளியேறாமல் மருந்தை மாற்றும் மூடிய இணைப்புக் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. எல்லா மருந்துக்கும் முடியாவிட்டால் முதலில் சைக்ளோஃபாஸ்ஃபமைடுக்காவது வாங்குங்கள், தினமும் அதிகம் கலப்பது அதைத்தான். கீமோவுக்கென்று சோதித்த கையுறைகள் பூட்டில்லாத இடத்தில் இருக்க வேண்டும்.

கர்ப்பமாக இருப்பவர், கர்ப்பத்துக்கு முயல்பவர், பாலூட்டுபவர் ஆகியோர் வாய்மொழியாகச் சொன்னாலே போதும், மறுநாள் முதல் சம்பளக் குறைப்பின்றி வேறு வார்டுக்கு மாற்றப்பட வேண்டும். கருத்தரிக்க முயல்வதை நிரூபிக்க யாரும் சான்றிதழ் கொண்டுவர முடியாது. கர்ப்பம் உறுதியாகும்போது ஏற்கெனவே ஐந்தாறு வாரம் போயிருக்கும், குழந்தையின் உறுப்புகள் உருவாகத் தொடங்கியிருக்கும். ஆண் செவிலியர்களும் குழந்தைக்கு முயலும் காலத்தில் இதைக் கேட்க உரிமை வேண்டும்.

ஒப்பந்தப் பணியாளர்கள் உட்பட இந்தப் பிரிவில் துடைப்பம் பிடிப்பவர்வரை எல்லோருக்கும் தமிழில் பயிற்சி வேண்டும், அவர்கள் வேலை நேரத்திலேயே. மருந்து சிந்தினால் துடைக்கும் பொருள்கள் அடங்கிய பெட்டி ஒவ்வோர் அறையிலும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பதிவேடு. யார், எந்தத் தேதியில், எந்த மருந்தை, எத்தனை குப்பி கலந்தார், எங்கே சிந்தியது, தோலில் பட்டதா என்று ஒரு வரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள் எண்ணிக்கை. வேலையை விட்டுப் போகும்போது அதன் நகல் அவரவர் கையில். இதற்குச் செலவு ஒரு நீளக் குறிப்பேடும் ஒரு பேனாவும்தான். நான் வரும் திங்கள் முதல் என் சொந்தக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்குகிறேன். நிர்வாகம் முத்திரையிட்ட பதிவேடு கொடுத்தால் அதில் தொடர்வேன்.

திங்கட்கிழமைப் பட்டியலில் 11 பேர் இருக்கிறார்கள். ஆறு பேருக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மூன்று பேருக்கு சிஸ்பிளாட்டின். காலை 8 மணிக்குக் கலக்கத் தொடங்க வேண்டும். எந்த அறையில், எந்த மேசையில், யார் பொறுப்பில் என்பதை ஞாயிறு மாலை 5 மணிக்குள் எழுத்தில், கையெழுத்தோடு தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பகல்நேர கீமோ பிரிவின் முதுநிலைச் செவிலியர் ஒருவர்
(பெயரும் பணியாளர் எண்ணும் தங்களிடம் நேரில் தந்த படியில் உள்ளன.)